உரோமையின் பனிக்காலமும் நம் கடற்கரையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் ஆண்டுதோறும் நம் பங்குகளில் ஒரு பேச்சு எழுகிறது. "இந்தக் கிறிஸ்து பிறப்புக்கு உரோமாபுரி போய் வரலாமா?" என்பதே அது. பயண முகவர்களின் விளம்பரத் தாள்கள் ஆலய முற்றத்திலேயே கைமாறுகின்றன. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. பெரியவர்களுக்கு ஆண்டிறுதியில் எஞ்சியிருக்கும் விடுப்பு. வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ, "அப்பாவும் அம்மாவும் ஒருமுறையேனும் திருத்தந்தையைக் கண்டு வரட்டும்" என்கிறார்கள். சில குடும்பங்களுக்கு இது மகிழ்ச்சியான ஆலோசனை. சிலருக்கு வாழ்நாள் சேமிப்பையே எடுக்க வேண்டிய நிலை. இன்னும் சிலர் கடன் வாங்கியும் போகத் துணிகிறார்கள்.

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் இக்கேள்வி புதிதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. செங்கல்பட்டுச் சீமையும் மாமல்லபுரத்துக் கடலோரமும் ஐரோப்பிய நகரங்களோடு நெடுங்காலத் தொடர்பு கொண்டவை. நமக்கு முன்னே போனவர்கள் எதற்காகப் போனார்கள், யாருடைய பணத்தில் போனார்கள், எதைக் கொண்டுவந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் நம் தீர்மானத்துக்கும் ஒரு தெளிவு பிறக்கும்.

கப்பல்கள் கண்ட கரை

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான கரையை இன்று நாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்து விடுகிறோம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இக்கரையின் ஒவ்வோர் ஊரும் ஒவ்வோர் ஐரோப்பிய நாட்டை நோக்கி நின்றது. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை கட்டித் துணி வாங்கினர். இடிந்த அதன் செங்கற் சுவர்களும் கல்லறைகளும் இன்றும் உள்ளன. கோவளத்தில் 1719-ஆம் ஆண்டளவில் இன்றைய பெல்சியம் நாட்டின் ஒஸ்டெண்டு வணிகர் பண்டகசாலை அமைத்தனர். அவர்களது கம்பெனிக்கு 1722-இல் உரிமைப் பட்டயம் வழங்கியவர் வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லசு. பிற வல்லரசுகளின் நெருக்குதலால் 1727-இல் அக்கம்பெனி நிறுத்தி வைக்கப்பட்டு, 1731-இல் முற்றும் கலைக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் 1752-இல் கிளைவு கைப்பற்றினார்.

அந்நாட்டவர் இங்கு வந்தது போலவே நம்மவரும் அங்குச் சென்றதுண்டு. 1501-ஆம் ஆண்டில், கப்ராலின் கப்பலில், கொடுங்கல்லூரைச் சேர்ந்த யோசேப்பு என்னும் குருவானவர் லிசுபன் சென்று, உரோமையையும் வெனிசையும் கண்டார். 1554-இல் லிசுபன் நகரில் உரோமன் எழுத்துகளில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. அதை ஆக்கியவர்களாகக் குறிக்கப்படும் மூவரும் நம்மவர்கள். திருமுழுக்கில் போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றவர்கள். தமிழ்மொழி அச்சேறியதன் முதல் வரலாறு இவ்வாறு ஓர் ஐரோப்பியப் பெருநகரில் தொடங்குகிறது. வேற்றூர் சென்றவர்கள் அங்கிருந்து தம் மக்களின் செபங்களைத் தம் மக்களின் மொழியிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

புதுச்சேரியில் மற்றொரு நிகழ்ச்சி. அங்குப் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளை 1716-இல் சிறையிலிடப்பட்டு, கசையடிபட்டு, 1717-இல் சிறையிலேயே மாண்டார். அவரது வீழ்ச்சியில் அக்காலத்து மறைப்பணியாளர் சிலருக்கும் பங்குண்டு என்பதை வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய மகன் குருவப்ப பிள்ளை சென்னைக்குத் தப்பிச் சென்று, அங்கிருந்து கடல் கடந்து பாரிசு சேர்ந்தார். தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதியை அரசவையில் முறையிட்டார். நைனியப்பர் மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. குருவப்பர் அந்நகரிலேயே திருமுழுக்குப் பெற்று, தூய மிக்கேல் வீரர் அணியில் சேர்க்கப்பட்டு, ஊர் திரும்பித் தந்தை வகித்த பதவியில் அமர்ந்தார். பாரிசு மாநகரின் அழகைக் கண்டு களிக்க அவர் போகவில்லை. இறந்த தந்தையின் பெயரைக் காக்கப் போனார்.

பனிக்காலத்தில் உரோமை சேர்ந்த இருவர்

இவற்றினும் நம் கேள்விக்கு மிக நெருங்கியது 1778-ஆம் ஆண்டுப் பயணம். மலையாள நாட்டுத் தோமா கிறிஸ்தவர்கள் அப்போது பிளவுண்டிருந்தனர். பிரிந்திருந்த பகுதியின் தலைவரான ஆறாம் மார்த்தோமா கத்தோலிக்கத் திருச்சபையோடு ஒன்றிக்க விரும்பினார். ஆனால் அங்கிருந்த அயல்நாட்டு மேலதிகாரிகள் அவ்விருப்பத்துக்கு வழிவிடவில்லை. தங்கள் இனத்திலிருந்தே ஓர் ஆயர் வேண்டும் என்ற ஏக்கமும் மக்களிடம் இருந்தது. இவ்விரண்டையும் திருத்தந்தையிடமும் போர்த்துக்கல் அரசியிடமும் நேரில் விண்ணப்பிக்க மல்பான் யோசேப்பு கரியாட்டில், பாறேம்மாக்கல் தோமா கத்தனார் என்னும் இரு குருக்கள் தேர்ந்தனுப்பப்பட்டனர்.

போவதா வேண்டாமா என்னும் தீர்மானம் அவர்களுடைய தனித் தீர்மானமாக இருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆலயங்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசினர். செலவுக்கான பணம் ஆலயங்களும் மக்களும் சேர்த்தளித்தது. கரியாட்டில் இளமையில் உரோமையிலேயே பயின்றவர்; அந்நகரின் வீதிகளும் குளிரும் அவருக்குப் புதியனவல்ல. ஆகவே ஊர் பார்க்கும் ஆவல் அவரை இழுத்திருக்க இயலாது. பாறேம்மாக்கலுக்கோ அது காணாத உலகம். ஒருவர் அறிந்த வழி, மற்றவர் அறியாத வழி. இருவரையும் இணைத்தது மக்கள் ஒப்படைத்த ஒரே காரியம்.

அவர்கள் தமிழ்நாட்டின் வழியாக வந்து சென்னப்பட்டணத்தில் கப்பலேறினர். அக்காலம் இக்கரைக்கு அமைதியான காலமன்று. அதே ஆண்டு அக்டோபரில், பல வார முற்றுகைக்குப் பின் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. சோழமண்டலக் கரை முழுவதும் படைகளும் வதந்திகளும் நடமாடின. அத்தகைய வேளையில் இரு குருக்கள் கையில் விண்ணப்பங்களோடு கடலை நோக்கி நின்றார்கள்.

ஆப்பிரிக்காவைச் சுற்றி, பிரேசில் கரையையும் தொட்டு, 1779 சூலையில் அவர்கள் லிசுபன் சேர்ந்தனர். அங்கிருந்து செனோவா வழியாக உரோமையை அடைந்தபோது 1780-ஆம் ஆண்டு சனவரி மாதம் பிறந்திருந்தது. அதாவது, இன்று நம் குடும்பங்கள் போக விரும்புகின்ற அதே பனிக்காலத்தில்தான் அவர்களும் அந்நகரில் கால் வைத்தார்கள். திருத்தந்தை ஆறாம் பயஸ் அப்போது ஆட்சி செலுத்தினார். மறைபரப்புப் பேராயத்தில் அவர்கள் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. அவர்களுக்கு எதிரான கருத்துகள் முன்னரே அங்குச் சேர்ந்திருந்தன. சில மாதங்கள் காத்திருந்து, மனத்தாங்கலோடு லிசுபன் திரும்பினர்.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மேலும் மூன்றாண்டுக் காத்திருத்தலுக்குப் பின், 1783 பெப்ருவரியில், கரியாட்டில் கொடுங்கல்லூரின் பேராயராக லிசுபனில் திருநிலைப்படுத்தப்பட்டார். 1786-இல் இருவரும் கோவா வந்து சேர்ந்தனர். ஆனால் தம் மக்களைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் கோவாவிலேயே இறைவனடி சேர்ந்தார். பாறேம்மாக்கல் தனியே ஊர் திரும்பி, 1799-இல் தாம் இறக்கும் வரை மக்களை வழிநடத்தினார். எட்டாண்டுப் பயணத்தின் இன்ப துன்பங்களை அவர் மலையாளத்தில் எழுதி வைத்த ஏடே 'வர்த்தமானப் புத்தகம்'. இந்திய மொழிகளில் எழுந்த முதற் பயண நூல்களுள் ஒன்றான அது 1936-இல்தான் அச்சேறியது.

அவர்கள் அயல்நாட்டில் இருந்தபோது இங்கே நிகழ்ந்ததையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1780 சூலையில் ஐதர் அலியின் படை கருநாடகத்தில் புகுந்தது. செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படைப்பிரிவொன்று அழிந்தது. செங்கல்பட்டுச் சீமையின் சிற்றூர்கள் எரிந்தன. மக்கள் பஞ்சத்தில் வாடினர். 1782 பெப்ருவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் கடற்போர் புரிந்தன. கப்பலேறியவர்கள் விட்டுச் சென்ற கரை, அவர்கள் திரும்பி வருமுன் வேறொரு கரையாகி விட்டது.

பயணம் செய்பவர் எப்போதும் ஏதோ ஒன்றை விட்டுத்தான் செல்கிறார். விட்டுச் செல்வதைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று வேண்டும் என்பதையே இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

திருச்சபை கேட்பது என்ன?

"உரோமையைக் காணாத கத்தோலிக்கனின் விசுவாசம் குறையுடையதோ?" என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. திருச்சபையின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடம் தரவில்லை.

1300-ஆம் ஆண்டில் திருத்தந்தை எட்டாம் பொனிபாசு முதல் யூபிலியை அறிவித்தபோது உரோமை நகரின் பேராலயங்களைச் சந்திப்பதே முதன்மையாக இருந்தது. ஆயினும் வர இயலாதவர்களைத் திருச்சபை மறக்கவில்லை. 1925, 1950 ஆகிய யூபிலி ஆண்டுகள் முடிந்ததும் அவற்றின் பேறுபலன்கள் மறு ஆண்டில் உலகெங்கும் விரிவாக்கப்பட்டன. 1975-ஆம் ஆண்டு யூபிலியையோ திருத்தந்தை ஆறாம் பவுல் முதலில் மறைமாவட்டங்களில் கொண்டாடச் செய்து, பின்னரே உரோமையில் தொடங்கினார். இரக்கத்தின் யூபிலி ஆண்டில் திருத்தந்தை பிரான்சிசு முதல் திருக்கதவைத் திறந்த இடம் உரோமையன்று. போரால் நொந்திருந்த மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரப் பேராலயத்தில், 2015 நவம்பர் 29 அன்று, அவர் அதைத் திறந்தார். தூய பேதுரு பேராலயத்தின் கதவு டிசம்பர் 8-இல்தான் திறந்தது.

2024 டிசம்பர் 24 இரவில் திறக்கப்பட்ட திருக்கதவு, 2026 சனவரி 6 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவால் மூடப்பட்டது. இடையில், 2025 ஏப்ரல் 21-இல் திருத்தந்தை பிரான்சிசு இறைவனிடம் சென்றார். ஒருவர் திறந்த கதவை மற்றொருவர் மூடினார். அவ்வாண்டிலும் ஒவ்வொரு மறைமாவட்டத்தின் பேராலயமும் திருப்பயணத் தலமாக இருந்தது. நமது மீட்பின் இரண்டாயிரமாம் ஆண்டு நிறைவாகிய 2033-ஐத் திருத்தந்தை பிரான்சிசு அப்போதே சுட்டிக்காட்டியுள்ளார். ஆகவே இன்று எழும் கேள்வி சில ஆண்டுகளில் இன்னும் உரக்க எழும். அதற்கு முன்பே நாம் தெளிவு பெறுதல் நலம்.

பனிக்காலப் பயணத்தின் கணக்கு

கிறிஸ்து பிறப்புக் காலத்து உரோமையின் அழகை நாம் குறைத்துச் சொல்லப் போவதில்லை. தூய பேதுரு வளாகத்தில் 1982 முதல் குடிலும் மரமும் ஆண்டுதோறும் அமைக்கப்படுகின்றன. தூய மரியா பெருங்கோவிலில் இயேசு பாலனின் தீவனத் தொட்டியின் பகுதிகள் என்று போற்றப்படும் மரத்துண்டுகளை மக்கள் வணங்குகிறார்கள். பேதுருவும் பவுலும் உயிர் ஈந்த மண்ணில் முழந்தாளிடுவது எவருக்கும் பெரும் பேறே. 2022 மே 15 அன்று நம் தேவசகாயம் அவ்வளாகத்தில் புனிதர் என அறிவிக்கப்பட்டபோது அங்கு நின்ற தமிழ் மக்களின் கண்ணீரை யாரும் வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

எனினும் கணக்குப் பார்ப்பது பாவமன்று. நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை ஏறக்குறைய பத்து நாள். அதில் போக வர இரண்டு மூன்று நாள் கழியும். ஆண்டிறுதியில் விமானக் கட்டணமும் தங்கும் விடுதிக் கட்டணமும் உயர்ந்திருக்கும். டிசம்பர் இறுதியில் உரோமையின் இரவுக் குளிர் நான்கு பாகை வரை இறங்கும். வளாகத்தில் திறந்தவெளியில் நெடுநேரம் காத்திருப்பது முதியோர்க்கு எளிதன்று. டிசம்பர் 25, 26 ஆகிய நாள்களில் வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். இன்னொன்றையும் நம் மக்கள் உறுதியாக அறிந்திருக்க வேண்டும்: திருத்தந்தையின் திருப்பலிக்கும் புதன்கிழமைப் பொதுச் சந்திப்புக்கும் வழங்கப்படும் அனுமதிச் சீட்டுகள் இலவசமானவை. அவற்றுக்கென்று தனிவிலை கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

இவையெல்லாம் பணமும் உடலும் பற்றியவை. இவற்றினும் ஆழமானதொரு கணக்கு உண்டு. டிசம்பர் மாதம் நம் கரைக்கு மழையும் புயலும் கொணரும் மாதம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருவெள்ளம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்சாங் புயல். இவை அனைத்திலும் சென்னையும் செங்கல்பட்டுப் பகுதியும் துன்புற்றன. 2004-ஆம் ஆண்டையோ நாம் மறக்கவே இயலாது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தது. கல்பாக்கத்தில் உயிர்கள் பல பறிபோயின. மாமல்லபுரத்தில் பின்வாங்கிய கடல் மணலுள் புதைந்திருந்த பழஞ்சிற்பப் பாறைகளை வெளிப்படுத்திற்று. மீனவர் குப்பங்களில் படகும் வலையும் வீடும் போயின. அன்று துணை செய்ய முதலில் முடிந்தவர்கள், அருகில் இருந்தவர்களே. அண்டை வீட்டாரும், பங்கின் இளைஞரும், ஆலயத்தைத் திறந்துவிட்ட உபதேசியாரும் செய்த உதவியை எந்தத் தொலைநகரிலிருந்தும் செய்திருக்க முடியாது.

எல்லா டிசம்பரும் அவ்வாறு இராது, இருக்கவும் வேண்டாம். ஆனால் மழை ஓய்ந்து, ஈரம் காயாத வீடுகளோடு ஏழையர் விழாவை எதிர்நோக்கும் காலம் அது. குடிலுக்கு வைக்கோல் கொணரவும், பாடகர் குழுவில் குரல் சேர்க்கவும், நள்ளிரவுத் திருப்பலிக்குப் பின் தனித்திருக்கும் முதியவர் கதவைத் தட்டவும் ஆள் தேவைப்படுகிற காலம். வசதியுள்ள குடும்பங்கள் எல்லாம் அவ்வேளையில் வெளியேறி விட்டால், பங்கின் விழா வசதியற்றோரின் விழாவாக மட்டுமே எஞ்சும்.

நமது தீர்மானம்

ஆகவே வரலாறு தந்த மூன்று கேள்விகளை ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். எதற்காகப் போகிறோம்? அண்டை வீட்டார் போனார்கள் என்பதற்காகவா, அல்லது இறைவனிடம் கொண்டுபோய் வைக்க ஒரு காரியம் நம்மிடம் உண்டா? யாருடைய பணம்? வட்டிக்கு வாங்கிய பணமென்றால், அதைத் திருப்பித் தரும் ஆண்டுகளில் பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மருந்தும் குறையுமானால், அப்பயணத்தை இறைவன் நம்மிடம் கேட்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். எதைக் கொண்டுவருவோம்? லிசுபனிலிருந்து ஒரு தமிழ்ச் செபநூல் வந்தது. பாறேம்மாக்கல் ஒரு நூலையும், தம் மக்களுக்காக உழைக்கும் உறுதியையும் கொண்டுவந்தார். நாம் படங்களும் செபமாலைகளும் மட்டுமே கொண்டுவரப் போகிறோமா?

இம்மூன்றுக்கும் நேர்மையான விடை உள்ளவர்கள் தயங்காமல் போய் வரட்டும். ஆயினும் காலத்தைப் பொறுத்தவரை நம் கருத்து இதுவே: கிறிஸ்து பிறப்பை நம் பங்கில் கொண்டாடுவோம்; உரோமைக்குக் கோடை விடுமுறையின் மே மாதத்தில் செல்வோம். அப்போது அந்நகரின் காலநிலை இதமானது; விடுமுறையும் நீண்டது. உரோமையில் பணிபுரியும் பிள்ளைகளைக் காண வேறு காலம் வாய்க்காத பெற்றோர் போன்றோர் இதற்கு விலக்கு. இன்னொன்றும் செய்யலாம். பயணத்துக்கென்று சேர்த்த தொகையில் ஒரு சிறு பங்கை, புயலில் கூரை இழந்த ஒரு வீட்டுக்கு முதலில் கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.

போக இயலாதவர்கள் மனம் குறுக வேண்டியதில்லை. கோவளத்தில் 1808-இல் எழுந்த கார்மேல் அன்னை ஆலயத்தை நாம் அறிவோம். அதைக் கட்டுவித்த சான் தெ மோந்தே போர்த்துக்கீசிய மரபினர், பெருஞ்செல்வர். ஐரோப்பாவின் எந்நகருக்கும் செல்லும் வசதி படைத்திருந்த அவர், தம் செல்வத்தில் ஒரு பகுதியை இக்கடலோர மீனவ ஊரில் ஓர் ஆலயமாக்கினார். பெரும் சொத்துகளைத் திருச்சபைக்கு எழுதி வைத்தார். அவ்வாலயத்திலேயே அடக்கமும் ஆனார். கடலை நோக்கி நிற்கும் அவ்வாலயத்தில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நள்ளிரவுத் திருப்பலி நடந்து வருகிறது. பெத்லகேமின் இடையர்கள் தொலைவுக்குச் செல்லவில்லை. தம் வயல்களுக்கு அருகிலிருந்த ஊருக்குத்தான் விரைந்தார்கள். ஞானிகள் நெடுந்தொலைவு வந்தார்கள். இருசாராரும் கண்டது ஒரே குழந்தையைத்தான். வரும் டிசம்பரில் எவ்வழி நம் வழி என்பதைக் குடும்பமாக அமர்ந்து, செபித்து, கணக்கும் பார்த்துத் தீர்மானிப்போம்.